ஐந்தரை மணி நேரப் பிசகு

காணும் பொங்கலன்று அஸ்தினாபுரமே காலியாகிவிட்டது. பாதிப் பேர் கோவளம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள், மீதிப் பேர் உறவுக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். ஸ்ரீவித்யா மட்டும் கூடத்தின் நடுவே ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து, கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் ஒரே பெட்டிக்குள் மூன்று இயங்குதளங்களைக் குடியேற்றிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். முடியுமா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. தன் கைவேலையைப் பற்றி அடுத்தவரைக் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்று, அதற்கு உரிமை கொண்டாடுகிறவர்கள் மூன்று பேர். முதல் உரிமை மாமனார் ராஜகோபாலனுக்கு. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு பிரசன்னம் பார்ப்பதில் பெயர் வாங்கியிருந்தார். பிரசன்னத்துக்கு ஜாதகம் வேண்டாம். ஒருவர் வந்து கேள்வியைக் கேட்கிற அந்த நேரத்துக்குக் கட்டம் போட்டு, அதை வைத்தே பதில் சொல்வது. வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் தவிர யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார். அவருடைய ஜோசிய மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். புதியதில் போட்டால் திறக்கவே திறக்காது.

அடுத்த உரிமை அவள் கணவன் கேஷவுக்கு. அவன் வரிக்கணக்கு பார்க்கிற ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்தான், அவனுக்குப் புது விண்டோஸ் இல்லாமல் முடியாது. மூன்றாவது ஸ்ரீவித்யா. தாம்பரத்தைத் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் ஒன்பது வருடமாக லேப் அசிஸ்டென்ட். அவளுக்கு லினக்ஸ் வேண்டும். இத்தனை நாளும் ஆளுக்கொரு ஹார்ட் டிஸ்க்கை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தார்கள். அதில் கேஷவ் ஒருமுறை வயரைத் தப்பாக இழுத்துவிட, ராஜகோபாலன் நான்கு நாள் கட்டமே போடாமல் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே ஸ்ரீவித்யா இதை ஒரு கை பார்த்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டாள்.

வேலை தெரிந்தவளுக்கு வரிசை தெரியும். பழைய விண்டோஸ் முதலில், புதியது அடுத்து, லினக்ஸ் கடைசியில். மாற்றிப் போட்டால் பின்னால் வருகிற விண்டோஸ் முன்னால் இருப்பதன் வாசலை அடைத்துவிடும். லினக்ஸ் அப்படியில்லை, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து எல்லாருடைய பெயரையும் வாசலில் எழுதி வைக்கும். பழைய விண்டோஸுக்கு இன்டர்நெட்டை அடியோடு துண்டித்தாள். பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோன கிழவனை வீதியில் விடக்கூடாது என்பது அவள் கட்சி. மூவருக்கும் தனித்தனி இடம் பிரித்தாள். முன்னால் வருகிற பட்டியலில் ஆங்கில எழுத்தில் மாமா, கேஷவ், வித்யா என்று மூன்று பெயர்களைப் போட்டாள். ஒன்றையும் தொடாமல் விட்டால் இருபது நொடி கழித்து மாமாவின் பக்கம் தானாகத் திறக்கும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்துக் காட்டினாள்.

"இருபது செகண்ட் எதுக்கும்மா?" என்றார் ராஜகோபாலன். "என் பேரு மேலேயே இருக்கு. தட்டினா திறக்கப்போவுது. சும்மா எதுக்குக் காத்திருக்கணும்?"

"தட்ட மறந்தாலும் திறக்கும் மாமா. அதுக்குத்தான்."

"மறக்கிற வயசு எனக்கு இன்னும் வரலை" என்று எண்டரை டப்பென்று தட்டினார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். பட்டியல் கண்ணில் பட்டதோ இல்லையோ, விரல் எண்டரில் விழுந்துவிடும்.

அடுத்த நாள் கேஷவ் கூடத்திலிருந்து குரல் கொடுத்தான். "வித்யா, என் பக்கத்துல நேரம் தப்பா காட்டுது. உள்ள இருக்கிற பேட்டரி போயிருக்குமோ?"

"புது பேட்டரி அது. போன மாசம்தான் போட்டேன். நீ எதையாவது தட்டியிருப்பே."

"நான் ஒண்ணும் தட்டலை. சரி விடு, நெட்லேர்ந்து நேரத்தை எடுத்துக்கறேன்."

அவன் எடுத்துக்கொண்டான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று தளங்களைக் குடியேற்றியவளுக்குக் கடிகாரமெல்லாம் ஒரு விஷயமா?

புதன்கிழமை மாலை ஹைதராபாத்திலிருந்து மெயில் வந்தது. அங்கே ஒரு பெரிய மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் முப்பது நாற்பது சர்வர்களைக் கட்டி மேய்க்கிற வேலை. மூன்று சுற்று நேர்காணல் முடிந்து, வேலை அவளுக்குத்தான் என்று எழுதியிருந்தார்கள். ஒரு வருடம் அங்கேயே இருக்க வேண்டும், பிறகு சென்னைக் கிளைக்கு மாற்றிக்கொள்ளலாம். வியாழன் மதியத்துக்குள் பதில் வேண்டும்.

ஒன்பது வருடம் எலிப்பொறிக்குள் மாட்டியவள் மாதிரி அந்த லேபுக்குள்ளேயே இருந்தவள். எத்தனையோ இளைஞர்கள் அவளிடம் கற்றுக்கொண்டு அவளைவிடப் பெரிய இடங்களுக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் அதே நாற்காலியில் மவுஸ் எண்ணிக்கொண்டிருந்தாள். இந்த வேலை அவளுக்கு வேண்டும். சோறு தண்ணி மாதிரி வேண்டும்.

கேஷவ் நல்லவன்தான். "நீ போ. ஒரு வருஷம் ஓடிப்போயிடும். நான் மாசம் ரெண்டு தடவை வரேன்" என்றான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "அப்பாகிட்ட ஒரு தடவை கேட்டுடு" என்றான்.

அந்த வீட்டின் வழக்கம் அது. இந்த வீட்டை வாங்கியது, கேஷவ் வேலை மாறியது, ஸ்ரீவித்யாவையே பெண் பார்க்கப் போனது, எல்லாம் ராஜகோபாலன் போட்ட கட்டத்தின் மேல்தான். முதலில் கேட்க வேண்டும், பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சத்தம் போடமாட்டார், திட்டமாட்டார். ஆனால் அவர் வேண்டாம் என்று சொன்ன எந்தக் காரியமும் அந்த வீட்டில் நடந்ததில்லை.

ஸ்ரீவித்யாவுக்கு ஜோசியத்தில் நம்பிக்கையும் கிடையாது, சண்டையும் கிடையாது. ஆனால் மாமாவின் மேல் மரியாதை உண்டு. அதனால் வியாழன் காலை கேட்பது என்று வைத்திருந்தாள். வைத்தவளுக்குத் தூக்கம்தான் வரவில்லை. விடியும் முன்பே, பால் பாக்கெட் வருவதற்கும் முன்பே எழுந்துவந்து கம்ப்யூட்டரைப் போட்டு, லினக்ஸுக்குள் போய், வருகிறேன் என்று பதில் அடித்து அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் மூச்சு வந்தது. கேட்பதற்கு முன்பே முடிவெடுத்தாகிவிட்டது. அந்த வீட்டில் அப்படி யாரும் செய்ததில்லை.

காலை பத்தேகாலுக்கு மேல், லீவு போட்டிருந்தவள், குளித்து முடித்து ஒன்றும் தெரியாதவள் மாதிரி மாமாவின் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, ஹைதராபாத் வேலை வந்திருக்கு. போகலாமான்னு பாக்கணும்."

ராஜகோபாலன் மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். யார் கேள்வி கேட்டாலும் அவர் முதலில் செய்வது அதுதான். பிறகு போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார், எண்டரை டப்பென்று தட்டினார், மென்பொருளுக்குள் போனார். அதில் 'இப்போது' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் கம்ப்யூட்டர் தன் நேரத்தையே எடுத்துக்கொண்டு கட்டம் போட்டுவிடும். ஸ்ரீவித்யா சமையலறை வாசலில் நின்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தாள் அச்சாகி வந்தது. அவர் அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பிரிண்டர் இன்னொரு முறை ஓடியது. முதல் தாள் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவர் ஒன்றை மேசை டிராயருக்குள் வைத்துவிட்டு, இன்னொன்றோடு திரும்பினார்.

"குரு பாக்கறார்" என்றார். "போயிட்டு வா."

மாமியார் அபிதகுஜாம்பாள் அந்தத் தாளை வாங்கி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பூஜை அலமாரியில் அம்பாள் படத்துக்குக் கீழே வைத்தாள். "ஹைதராபாத்ல எல்லாத்துலயும் காரம் ஜாஸ்தியாமே. உனக்கு வேற அல்சர்" என்று மட்டும் சொன்னாள். அதுவே அவள் சம்மதம். ஸ்ரீவித்யாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷம் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் இருந்தது.

சனிக்கிழமை கும்பகோணத்திலிருந்து அவள் அம்மா போன் செய்தாள். சம்பந்தி போட்ட கட்டத்தைத் தானும் கண்ணால் பார்க்க வேண்டுமாம், வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பு என்றாள். ஸ்ரீவித்யா பூஜை அலமாரியிலிருந்து தாளை எடுத்து, போனை நீட்டிப் பிடித்து, எழுத்து தெளிவாக விழுகிறதா என்று பார்த்தாள். அப்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. கிழமை: புதன்.

அவள் கேட்டது வியாழக்கிழமை. தாளில் தேதி சரியாகத்தான் இருந்தது, கிழமைதான் இடித்தது. பஞ்சாங்கக் கணக்கில் கிழமை சூரிய உதயத்தில்தான் மாறும், அதற்கு முன்னால் வருகிற விடிகாலை முந்தின நாளோடு சேர்ந்தது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் பத்தேகால் மணி எப்படி விடிகாலை ஆகும்? அதற்கடுத்த வரியைப் படித்தாள். பிரசன்ன நேரம்: முற்பகல் 4.52.

விரலை மடக்கி எண்ணினாள். அவள் கேட்டது பத்து இருபது சொச்சத்துக்கு. அதிலிருந்து நாலு ஐம்பத்திரண்டு போனால் ஐந்தரை மணி நேரம். கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர்களுக்கு ஐந்தரை என்ற கணக்கைச் சொன்னாலே போதும். லண்டன் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் அதுதான் வித்தியாசம்.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். கம்ப்யூட்டருக்குள் சின்னக் கடிகாரம் ஒன்று ஓடுகிறது. விண்டோஸ் அதில் நம் ஊர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் லண்டன் நேரத்தை வைக்கும். ஆளுக்கொரு கடிகாரம் இருந்தால் வம்பில்லை, இருப்பது ஒன்றுதான். அவள் லினக்ஸைத் திறந்து மூடும்போதெல்லாம் அது லண்டன் நேரத்தை எழுதி வைத்துவிட்டுப் போகும். பின்னால் வருகிற விண்டோஸ் அதை நம் ஊர் நேரம் என்று நம்பி ஐந்தரை மணி பின்தங்கி நிற்கும். கேஷவின் விண்டோஸாவது நெட்டில் கேட்டுத் திருத்திக்கொண்டது. மாமாவின் விண்டோஸுக்கு நெட்டைத் துண்டித்தது யார்? சாட்சாத் இவள்தான். இரண்டு தளங்கள் சேர்ந்து குடியிருக்கும் இடத்தில் முதலில் செய்ய வேண்டிய திருத்தம் அது. ஒரே ஒரு வரிக் கட்டளை. லேபில் எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. அதைத்தான் மறந்திருந்தாள்.

குரு பார்த்ததாகச் சொன்னது தப்பான நேரத்துக்கு. அப்படியானால் சரியான நேரத்துக்குப் போட்டால் யார் பார்ப்பார்? வேண்டாம் என்று வந்துவிட்டால்? மெயில் போயாகிவிட்டது. கல்லூரியில் ராஜினாமாக் கடிதத்தையும் வெள்ளிக்கிழமையே கொடுத்தாகிவிட்டது.

முதலில் வந்த யோசனை நல்ல யோசனை இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். லினக்ஸைத் திறந்து அந்த ஒரு வரியை அடித்துவிட்டால் நேரம் சரியாகிவிடும். யாருக்கும் தெரியாது. தாளை மறுபடி அம்பாளுக்குக் கீழே வைத்துவிடலாம், மஞ்சள் மூலைகளோடு அது அங்கேயே இருக்கும். ஜோசியத்தில் நம்பிக்கை இல்லாதவளுக்கு எந்த நேரத்துக் கட்டமானால் என்ன? கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்காரவும் செய்தாள்.

அந்த நேரம் பார்த்து வீட்டு வேலைக்கு வருகிற செல்லம்மா உள்ளே வந்தாள். வந்தவள் துடைப்பத்தைத் தொடவில்லை. கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"என்ன செல்லம்மாக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"இன்னாத்த சொல்றது வித்யாம்மா. அந்தத் தையல்நாயகியம்மா வூட்ல பேஜாரா கீது. செயின் காணோமாம். வியாழக்கெழம வந்து அய்யாகிட்ட கேட்டுக்கினு போச்சுல்ல? அதுலேர்ந்து என்னை ஒரு மாதிரி பாத்துக்கினே கீது. இன்னிக்கி நான் பாத்திரம் தேய்ச்சிக்கினு கீறேன், திரும்பிப் பாத்தா என் பையத் தொறந்து துழாவுது."

"உங்க பையையா?"

"ஆமா. ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல. பதினோரு வருசமா அந்த வூட்ல வேலை பாக்கறேன். இன்னா கேக்கறது?"

சொல்லிவிட்டுச் செல்லம்மா துடைப்பத்தை எடுத்தாள். ஸ்ரீவித்யா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அடுத்த தெரு தையல்நாயகி வந்து கேட்டது அதே வியாழக்கிழமை, இவளுக்கு அடுத்த ஆளாக. அதே கம்ப்யூட்டர், அதே தப்பு நேரம். அந்தக் கட்டத்தைப் பார்த்து மாமா என்ன சொன்னாரோ, யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சொன்னாரோ என்னவோ. தன் பிசகு தன்னோடு நின்றிருந்தால் ஸ்ரீவித்யா அதை விழுங்கியிருப்பாள். செல்லம்மாவின் பை வரைக்கும் போன பிறகு விழுங்க முடியவில்லை.

நாலு மணிக்கு ராஜகோபாலன் குரோம்பேட்டையிலிருந்து காய்கறிப் பையோடு வந்து விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். அபிதகுஜாம்பாள் கோயிலுக்குப் போயிருந்தாள். ஸ்ரீவித்யா அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே நின்றாள்.

"மாமா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"உக்காந்து சொல்லு."

உட்கார்ந்து சொன்னாள். ஒளிக்காமல் சொன்னாள். ஒரு வாரமாக அவர் பக்கத்துக் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடியது, அதற்குத் தானே காரணம், அந்த நேரத்தை வைத்துப் போட்ட கட்டம் எல்லாமே தப்பு, தையல்நாயகியுடையதும் தப்பு, செல்லம்மாவின் பையைத் திறந்து பார்த்ததும் அதனால்தான் இருக்கும். கடைசியாக, "என்னோடதும் தப்புதான் மாமா" என்றாள்.

ராஜகோபாலன் தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நேரம் தப்புன்னு. முதல் நாளே தெரியும். காலைல பதினோரு மணி, ஜன்னல் வழியா வெயில் வந்து என் காலைச் சுடுது. கட்டத்தைப் பாத்தா சூரியன் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. நாப்பது வருஷமா கட்டம் போடறவனுக்கு அதுகூடவா தெரியாது?"

"ஏன் மாமா எங்கிட்ட சொல்லலை?"

"பொங்கல்லேர்ந்து வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் அந்த மூணு பேரைப் போட்டுக் காட்டிட்டிருக்கே. அதுல போய் எதுக்குக் குறை சொல்லணும்? நீயே கண்டுபிடிப்பேன்னு விட்டுட்டேன். என் கையில வாட்ச் இருக்கு. நாலு எண்ணைத் தட்டிப் போடறதுக்கு என்ன கஷ்டம்?"

ஸ்ரீவித்யாவுக்குப் பாதி உயிர் வந்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. தன் திறமையைப் பார்த்து வீடே அசந்து நிற்கிறது என்று நினைத்திருந்தாள். மாமா அசந்து நிற்கவில்லை, பொறுத்துப்போயிருக்கிறார் என்று இப்போதுதான் தெரிகிறது.

"அப்ப தையல்நாயகி மாமிக்கு?"

"வாட்ச் நேரம்தான். செயின் வீட்டை விட்டுப் போகலை, தண்ணி புழங்கற இடத்துல தேடுங்க, யாரையும் சந்தேகப்படாதீங்கன்னு தெளிவா சொல்லி அனுப்பினேன். பையைத் தொறந்து பாத்தாங்களா? இரு."

அங்கேயே போனை எடுத்தார். "அம்மா, ராஜகோபாலன் பேசறேன். நான் உங்ககிட்ட வீட்டுக்குள்ளதான்னு சொன்னேனா இல்லையா? அப்புறம் செல்லம்மா பையில என்ன தேடினீங்க? ... இல்லை, நான் கோபப்படலை. வாஷிங் மெஷின், சிங்க், பாத்ரூம், முதல்ல அதையெல்லாம் பாருங்க. பாத்துட்டு, கிடைச்சாலும் கிடைக்காட்டாலும், அவகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க." போனை வைத்தார். அரை மணி நேரத்தில் தையல்நாயகியே திரும்பக் கூப்பிட்டாள். வாஷிங் மெஷின் கதவு ரப்பரின் மடிப்புக்குள் செயின் கிடந்ததாம். தொலைந்த பொருள் தண்ணி புழங்குகிற இடத்தில் கிடைக்காத வீடு எந்த வீடு என்று ஸ்ரீவித்யா பிற்பாடு யோசித்தாள். ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த அரை மணி நேரத்துக்குள் அவள் இன்னொன்றைக் கேட்க வேண்டியிருந்தது.

"எல்லாருக்கும் வாட்ச் நேரம்னா என்னோட தாள்ல மட்டும் ஏன் மாமா நாலு ஐம்பத்திரண்டுன்னு இருக்கு?"

ராஜகோபாலன் எழுந்து போய் மேசை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். வியாழக்கிழமை. முற்பகல் 10.22.

"முதல்ல உனக்கும் வாட்ச் நேரத்துக்குத்தான் போட்டேன். லக்னத்துலயே சனி உக்காந்திருக்கார். கேட்டது இழுத்தடிக்கும், கைகூடாதுன்னு அர்த்தம். வேற யாராவது வந்து கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லி அனுப்பியிருப்பேன்."

அவள் பயந்தது இதற்குத்தான்.

"அப்புறம் ஏன் போகச் சொன்னீங்க?"

"சொல்றேன். தாளைக் கையில வெச்சுட்டு ஸ்கிரீனைப் பாத்தேன். மூலையில கம்ப்யூட்டர் தன் நேரத்தைக் காட்டுது, வாட்சுக்கு அஞ்சரை மணி பின்னாடி. அப்ப நீ வந்து கேட்ட நேரம் அதோட கணக்குல நாலு ஐம்பத்திரண்டு. இதை எங்கயோ பாத்தோமேன்னு இருந்தது. எங்கயோ இல்லை, அன்னிக்கு விடிகாலைல என் வாட்சுலயே பாத்தேன். குளிக்கப் போறதுக்கு வாட்சைக் கழட்டறேன், கூடத்துல நீ கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கே. எதையோ தட்டினே. ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டே. அப்புறம் சரின்னு வாய்விட்டுச் சொன்னே. பக்கத்துல யாரும் இல்லை. நீயே உனக்குச் சொல்லிக்கிட்டே. எனக்குக் கேட்டது."

ஸ்ரீவித்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பிரசன்னம் கேள்வி பிறந்த நேரத்துக்குத்தான் போடணும். எல்லாரும் எங்கிட்ட வந்து நிக்கும்போதுதான் கேள்வி பிறக்குது, அதனால நான் வாட்சைப் பாக்கறேன். நீ பத்தேகாலுக்கு வந்து கேட்டது எனக்காகக் கேட்டது. மரியாதைக்கு. உனக்காக நீ கேட்டது விடிகாலைல. அந்த நேரத்தைக் கம்ப்யூட்டர் எடுத்து என் முன்னாடி வெச்சுது. எப்படி வெச்சுதுன்னு நீ இப்ப காரணம் சொன்னே, லண்டன், விண்டோஸ்னு. இருக்கட்டும். நான் அந்த நேரத்துக்கு இன்னொரு தடவை போட்டேன். குரு நேரா லக்னத்தைப் பாக்கறார்."

பிறகு, "இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றார். "குரு பாக்காம இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியாது. நீ போகணும்னு எனக்கே ஆசையா இருந்தது. ஒன்பது வருஷமா அந்த லேபுக்குப் போயிட்டு வர்றே. ஒரு நாள்கூட அங்க நடந்ததைச் சிரிச்சுட்டு சொன்னதில்லை. இந்தப் பெட்டியைப் பிரிச்சுப் போட்டு உக்காந்தியே, அன்னிக்குத்தான் உன் முகத்தை நான் பாத்தேன்."

ஸ்ரீவித்யாவுக்கு அழுகை வந்தது. அவள் அதை அடக்கவில்லை. அவர் எழுந்து போய் விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்தார். அழுகிறவர்களுக்கு அவருக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்து லினக்ஸைத் திறந்தாள். "நான் சரின்னு சொன்னது எதுக்குன்னு காட்டறேன் மாமா. உங்களைக் கேக்கறதுக்கு முன்னாடியே நான் வரேன்னு மெயில் அனுப்பிட்டேன்." அனுப்பிய மெயில்களில் அதைத் தேடித் திறந்தாள். ராஜகோபாலன் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ஹைதராபாத் விலாசம், இரண்டே வரி, கீழே அவள் பெயர். வலப்பக்க மூலையில் அனுப்பிய நேரம், 4.52.

இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். ஜோசியத்தில் நம்பிக்கை இல்லாத ஸ்ரீவித்யா அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மாமாவின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

"இதை உன் அத்தைகிட்ட சொல்லிவைக்காதே" என்றார் ராஜகோபாலன் கடைசியில். "கேக்காம முடிவு பண்ணினதுக்கு உன்னை ஒரு மாசம் திட்டுவா. டிராயர்ல சனி இருக்குன்னு தெரிஞ்சா எனக்கு ஒரு வருஷம் திட்டு."

அவள் சிரித்தாள். பிறகு அந்த ஒரு வரிக் கட்டளையை அடித்தாள். இனி லினக்ஸும் நம் ஊர் நேரத்தையே வைத்துக்கொள்ளும். ஒரு நொடிகூட ஆகவில்லை.

"நான் போறதுக்கு முன்னாடி என் பக்கத்தை அழிச்சுடறேன் மாமா. அங்க எனக்கு லேப்டாப் குடுக்கறாங்க. அந்த இடத்தை உங்களுக்கும் கேஷவுக்கும் பிரிச்சுக் குடுத்துட்டா கம்ப்யூட்டர் இன்னும் நல்லா ஓடும். பட்டியலும் ரெண்டு பேரோட முடிஞ்சுடும்."

"எதையும் அழிக்காதே" என்றார் அவர். குரல் கொஞ்சம் கண்டிப்பாகவே வந்தது. "இடம் எனக்குப் போதும். உன் பேரு அங்கேயே இருக்கட்டும்."

"சும்மாதானே மாமா இருக்கும்?"

"சும்மா இருக்கட்டும். ஒரு வருஷம்தானே."

நேரம் சரியாகிவிட்டதா என்று அவர் பக்கத்தில் திறந்து பார்த்துவிட வேண்டும் என்றாள் ஸ்ரீவித்யா. கம்ப்யூட்டரை மூடித் திறந்துவிட்டு நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்தாள். அவர் உட்கார்ந்தார். கறுப்புத் திரையில் பட்டியல் வந்தது. மாமா, கேஷவ், வித்யா. கீழே இருபதிலிருந்து எண்கள் இறங்கத் தொடங்கின.

அவள் அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது எண்டரின் பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் தட்டவில்லை. பதினைந்து, பத்து, ஐந்து என்று எண் இறங்கிக்கொண்டே வந்தது. ராஜகோபாலன் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, கடைசி நொடி வரைக்கும் மூன்று பெயர்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பழைய விண்டோஸ் தானாகத் திறந்தது. அவர் மணிக்கட்டைத் திருப்பி வாட்சையும் திரையையும் ஒத்துப் பார்த்தார். நேரம் சரியாக இருந்தது.